ஹெலி ஓட்டிய கைக்கு முதல் விமானம்

ரேடியோவால் இயக்கும் மாடல் ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு மாடல் விமானம் சுலபம் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஹெலியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தப் பழகிய விரல்களுக்கு விமானம் கொடுக்கும் வேலை குறைவுதான். ஆனால் நெருக்கடி வரும்போது அதே விரல்கள் பழக்க தோஷத்தில் செய்கிற ஒரு காரியம் விமானத்தைத் தரையில் குத்த வைத்துவிடும். ஆகவே எது அழகு, எது சீறிப் பாயும் என்று பார்ப்பதற்கு முன்னால், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று புரிந்துகொண்டால், கடையில் எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இறக்கை காற்றில் வேகமாக நகர்ந்தால்தான் எடையைத் தூக்கும். ஹெலிக்கும் விமானத்துக்கும் விதி ஒன்றுதான். ஹெலியின் இறக்கை அதன் ரோட்டர் பிளேடு. 450 என்று அழைக்கப்படும் அளவு வகை ஹெலியின் ரோட்டர் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். அது நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் பிளேடின் நுனி வினாடிக்கு 100 மீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. மணிக் கணக்கில் 360 கிலோமீட்டருக்கு மேல்! ஹெலி உங்கள் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நிற்கும்போதும் அதன் இறக்கை அந்த வேகத்தில்தான் பறந்துகொண்டிருக்கிறது. உடல் நின்றாலும் இறக்கை நிற்பதில்லை.

விமானத்தில் இறக்கை உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடல் முன்னே போனால்தான் இறக்கைக்குக் காற்று. வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், மூக்கை எவ்வளவு தூக்கிப் பிடித்தாலும் விமானம் மேலே ஏறாது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 12, 15 டிகிரியைத் தாண்டியதும் மேல்பரப்பில் ஓடிய காற்று பிய்ந்துகொண்டு போய்விடும். தூக்கு விசை சட்டென்று சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பக்க இறக்கை முதலில் தொங்கி, மூக்கு கவிழ்ந்து விமானம் விழும். தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இது நடந்தால் மீட்க இடமே இருக்காது.

இப்போது ஹெலிக்காரரின் கையைப் பார்ப்போம். மோட் 2 ரேடியோவில் (த்ராட்டில், அதாவது மோட்டார் வேகம், இடது ஸ்டிக்கில் இருக்கும் வகை) வலது ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் ஹெலி என்ன செய்யும்? மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும். பிடித்துக்கொண்டே இருந்தால் நின்று, பின்னால் வரத் தொடங்கும். அதாவது அதுதான் அவருடைய பிரேக். ஏதாவது கோணலாகப் போனால் முதலில் நிறுத்து, அப்புறம் யோசி என்று மாதக்கணக்கில் பழகிய விரல் அது. விமானத்தில் அதே ஸ்டிக் எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு. பயந்துபோய் இழுத்தால் மூக்கு தூக்கும், வேகம் சாகும், ஸ்டால் வரும். விமானத்தில் சரியான பதில் இதற்கு நேர்மாறானது: ஸ்டிக்கை நடுவில் விட்டு, மூக்கைச் சற்று தாழ விட்டு, த்ராட்டில் கொடுத்து வேகத்தைத் திரும்பப் பெறுவது. இடது கைப் பழக்கம் மட்டும் நமக்குச் சாதகம். ஆபத்தில் கலெக்டிவை (ரோட்டர் பிளேடுகளின் கோணத்தை ஒருசேர மாற்றும் கட்டுப்பாடு) கூட்டும் கை இங்கே த்ராட்டிலைக் கூட்டும். அது பெரும்பாலும் நல்லதையே செய்யும்.

ஆக, ஹெலியிலிருந்து வருகிறவருக்கு முதல் விமானம் எப்படி இருக்க வேண்டும்? மெதுவாகப் போனாலும் விழாததாக. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மெதுவாகப் போகுமா என்பதைப் பெட்டியின் மேல் உள்ள படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். பறக்கும் நிலையில் மொத்த எடையை, பேட்டரியையும் சேர்த்து, இறக்கையின் பரப்பால் வகுக்க வேண்டும். வருவதுதான் விங் லோடிங், அதாவது இறக்கைச் சுமை. மாடல்காரர்கள் இதைச் சதுர டெசிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஒரு டெசிமீட்டர் என்பது 10 சென்டிமீட்டர்.

உதாரணமாக, முனைக்கு முனை 1.5 மீட்டர் நீளமும் 22 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கை. 15 டெசிமீட்டரை 2.2ஆல் பெருக்கினால் 33 சதுர டெசிமீட்டர். எடை 1,400 கிராம் என்றால் இறக்கைச் சுமை சுமார் 42. இந்த அளவு விமானம் நேராகப் பறக்கையில் மணிக்கு 28 கிலோமீட்டர் வாக்கில் ஸ்டால் ஆகும். இதுவே 1.2 மீட்டர் மஸ்டாங் போர்விமான மாடல் ஒன்று, இறக்கைப் பரப்பு 22, எடை அதே 1,400 கிராம் என்று வையுங்கள். சுமை 64 ஆகிவிடுகிறது, ஸ்டால் வேகம் 35ஐத் தொடுகிறது. ஏழு கிலோமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். தரையிறக்கும்போது ஸ்டால் வேகத்துக்கு மேலே கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் அந்த மஸ்டாங் உங்களை நோக்கி 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும். புதியவர் கைக்கு அது மிக அதிகம். சின்ன இறக்கையில் நுனி கூராகக் குறுகியிருந்தால் ஸ்டால் ஆகும்போது ஒரு பக்கம் படாரென்று புரண்டும் விடும்.

என் கணக்கில், முதல் விமானத்துக்கு இறக்கைச் சுமை 25இலிருந்து 45க்குள் இருந்தால் போதும். அதைவிடக் குறைந்தால் இன்னும் மெதுவாகப் பறக்கும். ஆனால் சின்னக் காற்றுக்கே அலைபாயும்.

அடுத்தது இறக்கை எங்கே இருக்கிறது என்பது. இறக்கை உடலுக்கு மேலே இருந்து, இரண்டு முனைகளும் லேசாக மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால், விமானம் சாய்ந்தாலும் ஸ்டிக்கை விட்டதும் தானாகச் சமநிலைக்கு வரப் பார்க்கும். ஹெலியில் இந்தச் சுகம் கிடையாது. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும், நீங்கள்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு வினாடியும் திருத்திக்கொண்டே இருந்து பழகியவர்கள் இங்கேயும் ஸ்டிக்கைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். விமானம் குடிகாரர் நடப்பதுபோலப் போகும். முதல் நாள் செய்ய வேண்டிய பயிற்சி, பாதுகாப்பான உயரத்தில் கையை எடுத்துவிட்டு அது என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்ப்பது.

மூன்று சேனலா, நான்கு சேனலா என்ற கேள்வி வரும். சேனல் என்பது ரேடியோ தனியாக இயக்கும் ஒரு கட்டுப்பாடு. மூன்று சேனல் விமானத்தில் எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) இருக்காது, ரட்டராலேயே (வாலில் நிமிர்ந்து நிற்கும் தகடு) திரும்பும். ஒன்றும் தெரியாதவருக்கு அது நல்ல ஆரம்பம். ஹெலிக்காரருக்குத் தேவையில்லை. நான்கு விரல் வேலை ஏற்கனவே தெரியும். எய்லரான் உள்ளதையே வாங்குங்கள். திரும்பும் முறை மட்டும் வேறு. நிற்கும் ஹெலியை வாலை அசைத்துத் திருப்பிவிடலாம். விமானத்தை எய்லரானால் சாய்த்து, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, எலிவேட்டரை லேசாக இழுத்துத் திருப்ப வேண்டும். சாய்வு கூடக் கூட இறக்கை தாங்க வேண்டிய எடையும் கூடும். 60 டிகிரி சாய்வில் உயரம் இழக்காமல் திரும்பினால் விமானம் தன் எடையைப்போல இரண்டு மடங்கைத் தாங்குகிறது. ஸ்டால் வேகமும் 1.4 மடங்கு ஏறும். மேலே சொன்ன 28 கிலோமீட்டர் விமானம் அந்தத் திருப்பத்தில் 40இலேயே விழத் தயாராகிவிடும். அதனால் தரைக்கு அருகே இறுக்கமான திருப்பம் வேண்டாம்.

தன்னை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போகும் தொல்லை ஹெலிக்காரருக்குப் பழகியது. மூக்கு நம்மைப் பார்த்தபடி ஹெலியை நிறுத்தத் தெரிந்தவர் இதில் பாதி கிணறு தாண்டியவர். பழகாதவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு.

இனி எந்த உருவம் என்று பார்க்கலாம். இரண்டு வகை உண்டு. மோட்டார் இறக்கைக்குப் பின்னால் மேலே உட்கார்ந்திருக்கும் வகை ஒன்று. மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஈஸிஸ்டார், ஹாபிகிங்கின் பிக்ஸ்லர், ஹாபிஸோனின் ஏரோஸ்கவுட் எல்லாம் இந்தச் சாதி. மூக்கு வெறும் ஃபோம். நேராகக் குத்தினாலும் மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பெரும்பாலும் தப்பிவிடும். கையால் வீசிப் பறக்கவிட்டு வயிற்றில் இறக்கலாம். மற்றொன்று முன்னால் மோட்டாரும் கீழே சக்கரமும் உள்ள செஸ்னா மாதிரியான பயிற்சி விமானம். ஈ-ஃப்ளைட்டின் 1.5 மீட்டர் அப்ரென்டிஸ் இதில் பலருக்கும் தெரிந்த பெயர். அழகாக ஓடி எழும், அழகாக இறங்கும். ஆனால் அதற்கு ஓடுபாதை வேண்டும்.

நம்மில் எத்தனை பேருக்கு ஓடுபாதை இருக்கிறது? கோடையில் வற்றிய ஏரி, கல்லூரி மைதானம், மனை போட்டு வீடு வராத நிலம். சீமைக்கருவேல முள்ளும் வெடித்த களிமண்ணும் உள்ள இடத்தில் சின்னச் சக்கரம் தடுக்கி மூக்குக் குத்தும். முதலில் உடைவது ப்ரொப்பெல்லர், அடுத்தது மோட்டார் பிடிப்பு. அதனால் நான் பின்மோட்டார் வகைக்கே ஓட்டுப் போடுவேன். அதன் ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் உயரத்தில் இருப்பதால் திடீரென்று முழு த்ராட்டில் கொடுத்தால் மூக்கு கீழே தள்ளப்படும். மோட்டாரைச் சாய்த்துப் பொருத்தி இதை ஓரளவு சரிக்கட்டியிருப்பார்கள், முழுவதும் போகாது. வீசும்போது மூன்றில் இரண்டு பங்கு த்ராட்டில், காற்றுக்கு எதிராக, மட்டமாக வீச வேண்டும். வானத்தைப் பார்த்து வீசினால் கையைவிட்டுப் போன மூன்றாவது வினாடியே ஸ்டால்தான்.

அளவு எவ்வளவு? ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் இறக்கை நீளம் வசதி. உள்ளங்கை அளவு விமானங்கள் விலை மலிவு, விழுந்தாலும் உடையாது. ஆனால் நம் ஊர்க் காற்றில் அவை பறப்பதைவிட அடித்துச் செல்லப்படுவதே அதிகம். பெரிதாக இருந்தால் தூரத்திலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டு மீட்டர் மோட்டார் கிளைடர் மேல் சிலருக்கு ஆசை வரும். மெதுவாகப் பறக்கும், உண்மை. ஆனால் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மைதானம் முடிந்து தென்னந்தோப்பு தொடங்கிய பிறகும் இடுப்பு உயரத்தில் மிதந்துகொண்டே போகும்.

ஜெட், போர்விமானம் இரண்டும் வேண்டாம் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும். ஹெலிக்காரருக்கு என்று ஒரு தனிச் சபலம் உண்டு: அந்தரத்தில் மூக்கைத் தூக்கித் தொங்கும் 3டி விமானம். நமக்குத்தான் தொங்கவிடத் தெரியுமே என்று நினைப்போம். லேசான ஃபோம் 3டி விமானத்தின் இறக்கைச் சுமை குறைவுதான். ஆனால் அது எதையும் தானாகச் சரி செய்துகொள்ளாது, விட்டது விட்டபடி போகும். கலெக்டிவ் பிட்ச் ஹெலியில் தலைகீழாகப் பறக்கத் தெரிந்தவர், பயிற்சி விமானத்தில் ஒரு மாதம் ஓட்டிவிட்டு இதற்குப் போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் உள்ள பொம்மை கோஆக்சியல் ஹெலி மட்டும் ஓட்டியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கையில் உள்ள சாமான் எது உதவும்? ரேடியோ உதவும். 450 ஹெலியின் 3எஸ் 2200 பேட்டரி (மூன்று செல், 2200 மில்லிஆம்பியர்-மணி) ஒரு மீட்டருக்கு மேற்பட்ட பல ஃபோம் விமானங்களுக்கு அப்படியே பொருந்தும். சந்தோஷம் என்னவென்றால், ஹெலி தன் முழு எடையையும் எப்போதும் மோட்டார் பலத்திலேயே சுமக்கிறது. விமானத்தில் இறக்கை சுமப்பதால் பாதி த்ராட்டிலிலேயே வட்டமடிக்கலாம். ஹெலியில் ஐந்தாறு நிமிடத்தில் தீரும் அதே பேட்டரி இங்கே பத்து, பன்னிரண்டு நிமிடம் வரும். ஹெலி மோட்டார் மட்டும் ஆகாது. அது பல்சக்கரம் வழியாக ரோட்டரைச் சுற்றுவதற்காக மிக வேகமாகச் சுழலும்படி செய்தது. ப்ரொப்பெல்லரை நேரடியாக மாட்டினால் சூடாகிப் புகைந்துவிடும்.

ரேடியோவில் ஓர் இடத்தில் கவனம் அவசியம். ஹெலிக்கு வைத்திருந்த மாடல் நினைவகத்தை நகலெடுத்து விமானத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ரோட்டரைச் சாய்க்கும் தட்டுக்கான ஸ்வாஷ் கலவை இருக்கும், ஒரு ஸ்டிக்கை அசைத்தால் மூன்று சர்வோவும் (கட்டுப்பாடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) சேர்ந்து ஆடும். அதைவிட மோசம் ஐடில்-அப் என்ற சாகசப் பறப்பு நிலை. 3டி ஹெலிக்கு அதில் த்ராட்டில் வளைவு இரண்டு முனையிலும் உச்சத்தில் இருக்கும், அதாவது ஸ்டிக் அடியில் இருந்தாலும் மோட்டார் முழு வேகம். அந்த அமைப்போடு விமானத்தில் பேட்டரியைச் செருகி, ஸ்டிக் கீழேதானே இருக்கிறது என்று நம்பி அந்த ஸ்விட்சைத் தட்டினால், ப்ரொப்பெல்லர் முழு வேகத்தில் உங்கள் விரலைத் தேடி வரும். புதிதாக ஏர்பிளேன் வகை மாடல் ஒன்றைத் தொடங்குங்கள். ஹெலியில் மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு எந்த ஸ்விட்சில் இருந்ததோ அதே ஸ்விட்சில் மோட்டார் கட் வையுங்கள். விரல் தானாக அங்கே போகும். ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

ஜைரோ, அதாவது அசைவை உணர்ந்து தானாகத் திருத்தும் கருவி பற்றி இரண்டு வார்த்தை. விமானங்களிலும் இப்போது நிலைநிறுத்திக் கருவிகள் வருகின்றன. ஹாரைசன் ஹாபியின் சேஃப் அமைப்பில் தொடக்க நிலையில் வைத்தால் எவ்வளவு இழுத்தாலும் ஓர் அளவுக்கு மேல் சாய விடாது. ஹெலிக்காரருக்கு அது எரிச்சலாக இருக்கும். காற்றுக் குலுக்கலை மட்டும் தணிக்கும் நிலை போதும். பழைய ஹெலியின் வால் ஜைரோவை ஹெடிங் ஹோல்டில் (மூக்கின் திசையை மாறாமல் பிடித்துவைக்கும் நிலை) வைத்து ரட்டரில் மாட்டாதீர்கள். திரும்பவே விடமாட்டேன் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் விமானத்தோடு சண்டை போடும்.

பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள் என்பது ஹெலியில் இருந்ததைவிட இங்கே முக்கியம். ஹெலி மெயின் ஷாஃப்டில் சமமாகத் தொங்க வேண்டும் என்று தெரியும். விமானத்தில் அந்த இடம், நேரான இறக்கை என்றால், முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் எங்கோ இருக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு விரல் நுனியில் தாங்கினால் மட்டமாகவோ மூக்கு சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் கனத்திருந்தால் பறக்கவிடாதீர்கள். கையை விட்டதும் மூக்கைத் தூக்கி ஸ்டாலுக்குப் போகும், எந்த விரலும் அதைப் பிடிக்க முடியாது.

இடமும் காற்றும் அடுத்தவை. ஹெலிக்கு வீட்டு மாடி போதும். விமானம் வினாடிக்கு 10 மீட்டர் போனால் 140 மீட்டர் குறுக்களவுள்ள கிரிக்கெட் மைதானத்தைப் பதினான்கே வினாடியில் கடந்துவிடும். இறங்கும்போது ஆறு மீட்டர் உயரத்தில் த்ராட்டிலை மூடினால் ஐம்பது மீட்டர் சறுக்கிக்கொண்டு வரும், ஆகவே தூரத்திலிருந்தே திட்டமிட்டு இறங்க வேண்டும். காற்று இல்லாத காலை வேளைதான் நல்லது. கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கட்டும், உங்கள் ஃபோம் விமானம் ஆவணி வரை அலமாரியில் இருக்கட்டும்.

காற்று ஏமாற்றும் விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீசுகிறது, விமானம் காற்றுக்குள் 10 மீட்டரில் போகிறது. எதிர்க்காற்றில் தரையிலிருந்து பார்க்க அது 5 மீட்டரில் ஊர்வதுபோல இருக்கும். திரும்பிக் காற்றோடு வரும்போது 15 மீட்டரில் பாய்ந்து வரும். மூன்று மடங்கு! ஐயோ வேகமாக வருகிறதே என்று ஹெலிக்காரரின் பிரேக் விரல் விழித்துக்கொண்டு எலிவேட்டரை இழுக்கும், த்ராட்டிலைக் குறைக்கும். இறக்கைக்கோ அப்போதும் கிடைப்பது அதே 10 மீட்டர் காற்றுதான். அங்கேதான் புது விமானங்கள் விழுகின்றன. காற்றோடு வரும்போது வேகத்தைக் குறைக்காமல் விட்டுவிடுங்கள். இறங்குவது எப்போதும் எதிர்க்காற்றில்.

இந்தியாவில் பறக்கவிடுகிறவர்கள் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். அவை நான்கு விசிறி ட்ரோனுக்கு மட்டுமல்ல, ஆளில்லா விமானத்துக்கும் ஹெலிக்கும் சேர்த்துத்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். சென்னையில் மீனம்பாக்கம், தாம்பரம், கோவையில் பீளமேடு, சூலூர் என்று விமானத்தளங்களைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

உடைந்தால் என்ன செய்வது என்பதில்தான் ஹெலிக்காரர்கள் சிரிக்கப் போகிறார்கள். ஹெலி ஒருமுறை சாய்ந்தால் மெயின் பிளேடு, ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட், டெயில் பூம், பல்சக்கரம் என்று பட்டியல் நீளும். ஃபோம் விமானத்துக்குப் பசையும் பேக்கிங் டேப்பும் போதும். ஈபிஓ என்ற வளைந்து கொடுக்கும் ஃபோம் என்றால் ஃபெவிக்விக் வகைப் பசை ஒட்டும். தெர்மோகோல் என்றால் அதே பசை ஃபோமைக் கரைத்துக் குழி பறித்துவிடும், அதற்கு எபாக்ஸி. நசுங்கிய ஈபிஓ மூக்கைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பெருமளவு உப்ப வைத்துவிடலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், இறக்கை முறுக்கிக்கொள்ளும். ப்ரொப்பெல்லர் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள், சின்ன விரிசல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.